கரண்டி பிடித்த ஓட்டுநர்

அத்தியாயம் 14

நேற்று மாலை கண்ணாடியக்கா தன் கணவரின் சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்து உதறியபோது விழுந்த காகிதம் அது. நாலாக மடித்திருந்தது. ஏதோ பொரித்த பண்டத்தைச் சுற்றி வந்தது என்று மோந்து பார்க்காமலேயே சொல்லிவிடலாம். அவ்வளவு எண்ணெய்.

அவள் அதைச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்து, பறந்துவிடாமல் இருக்க மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாமல் இருப்பது அவளுக்கு வராத வேலை. காலை ஆறு மணிக்கெல்லாம் அது முடிந்துபோனது.

“என்னங்க, இது என்ன?”

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். இரத்தப் பரிசோதனைக்காக நேற்று மாலையிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் அவர் வயிற்றில் இறங்கவில்லை.

“பேப்பர்.”

“பேப்பர்னு எனக்குத் தெரியாதா? உங்க பையில எப்படி வந்துச்சு?”

“எனக்கென்னம்மா தெரியும்? சத்தியமா நான் இல்ல.”

“சத்தியம் வேற பண்ணிட்டீங்களா? அப்ப நீங்கதான்.”

இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவர். பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் நடந்த உடல் பரிசோதனையில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்து அவரைக் கீழே இறக்கிவிட்டன. பன்னிரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் இரண்டும் இறங்காவிட்டால் இனி ஸ்டியரிங்கைத் தொட முடியாது. அதுவரை பணிமனையில் சாவி கொடுக்கும் ஜன்னல். மற்ற ஓட்டுநர்கள் வந்து கையை நீட்டுவார்கள், இவர் சாவியை எடுத்து வைப்பார். வண்டி ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டிப் போவதைச் சத்தத்தை வைத்தே எண்ணுவார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

அந்தப் பன்னிரண்டு வாரம் இன்றோடு முடிகிறது.

“டேய், நீ என்னடா சுவரைப் பாத்துக்கிட்டு நிக்கிற?” அக்காவின் குரல் அடுப்படிப் பக்கம் திரும்பியது.

“இஞ்சி நறுக்குறேன்க்கா.”

“இஞ்சி இங்க மேஜையில இருக்கு.”

அங்கே நின்றிருந்தவன் அவளுடைய தம்பி, வெண்ணெய். இருபது வருடம் பெரிய ஹோட்டலின் சமையலறையில் இருந்தவன். எதை இறக்கினாலும் மேலே ஒரு கட்டி வெண்ணெய் போட்டுத்தான் வெளியே அனுப்புவான் என்பதால் வந்த பெயர். திட்டுவதற்கும் அதே சொல் என்பதால் கூப்பிடுகிறவர்களுக்கு இரட்டை வசதி. பழைய எண்ணெயையே திரும்பத் திரும்பக் காயவைக்கச் சொன்ன முதலாளியின் கண்ணெதிரே சட்டியோடு அதைக் குப்பையில் கவிழ்த்துவிட்டு வேலையை விட்டு வந்தவன். அக்கா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மாமாவுக்கு இந்த இடி.

“பன்னெண்டு வாரம் என் கையில விடுங்க மாமா,” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தான்.

முதல் வேலையாக வெண்ணெயை வீட்டை விட்டு வெளியேற்றினான். இருமல் மருந்து பாட்டிலின் அளவு மூடியைக் கழுவி எண்ணெய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தான். ஒரு தாளிப்புக்கு ஒரு மூடி, அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. உப்பைக் குறைத்த இடத்தில் வறுத்துப் பொடித்த சீரகமும் மிளகும் வந்தன, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்தான். வெள்ளைச் சோறு போய் வரகு வந்தது. முதல் வாரம் ஓட்டுநர், “இது சாப்பாடா, மாட்டுக்குப் போடறதா?” என்று கேட்டார். மூன்றாம் வாரம் பணிமனையில் யாரோ அவர் டப்பாவுக்குள் கைவிட்டபோது மூடியைப் படாரென்று சாத்தினார்.

அப்படிப்பட்ட மனிதரின் பையில் இந்தக் காகிதம்.

“சரி, இப்ப எதுவும் பேச வேணாம்,” என்றாள் கண்ணாடியக்கா, செருப்பை மாட்டிக்கொண்டே. “ரத்தம் பொய் சொல்லாது. மத்தியானம் தெரிஞ்சிடும்.”

அவள் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பிப் போனாள். ஓட்டுநர் அந்தக் காகிதத்தை ஒரு முறை பார்த்தார், மைத்துனனை ஒரு முறை பார்த்தார்.

“கட்டின பொண்டாட்டியே நம்பலடா மாப்ள,” என்றார்.

வெண்ணெய் இஞ்சியே இல்லாத பலகையைக் கழுவினான்.

மருத்துவமனையில் வரிசை எண் காட்டும் பலகை கெட்டுப்போயிருந்தது. கையில் ஒரு பேனாவும் காதில் இன்னொரு பேனாவும் வைத்திருந்த நர்ஸ் வாசலில் நின்று எண்களைக் கத்திக்கொண்டிருந்தார். ரத்தம் எடுத்து முடிந்ததும் ஓட்டுநர் கையோடு கொண்டுவந்த கம்பங்கூழைக் குடித்தார். பிறகு ரத்த அழுத்தம் பார்க்க அவர் கையில் பட்டையைச் சுற்றினார்கள்.

நர்ஸ் முகத்தைச் சுளித்தார். “நூத்தம்பத்தாறு. ரொம்பப் பதட்டமா இருக்கீங்க.”

“போச்சா?”

“போகல. வெளிய பதினஞ்சு நிமிஷம் அமைதியா உக்காருங்க. மறுபடி பாக்கலாம். யாரோடயும் சண்டை போடாதீங்க.”

“காலையிலேயே போட்டுட்டேன் சிஸ்டர்.”

வெளியே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். முழங்கால் தானாக ஆடியது. “இந்தத் தடவை போச்சுன்னா அந்த ஜன்னல்தான் மாப்ள எனக்கு. சாவியைக் கொடு, சாவியை வாங்கு. அவ்வளவுதான். அவ வேற நான் திருட்டுத்தனமா தின்னேன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கா. தின்னுருந்தாலாவது பரவாயில்ல. திங்காமலேயே பேர் வாங்கியாச்சு.”

“மாமா.”

“ம்.”

“அந்தப் பேப்பர் என்னோடது.”

முழங்கால் ஆடுவது நின்றது.

“உங்களுக்கு மதியச் சாப்பாட்டைக் கொடுத்துட்டு நேத்துக் காலிப் பையோட திரும்பும்போது, பஸ் நிறுத்தத்துப் பக்கத்துல சூடா வடை போட்டு எடுத்துக்கிட்டு இருந்தான். தின்னுட்டு, பேப்பரைப் பையிலயே வச்சுட்டேன்.”

“ஒரு நாள் தின்னதுக்கா இவ்வளவு?”

“ஒரு நாள் இல்ல மாமா. தினமும்.”

“தினமும்னா?”

“பன்னெண்டு வாரமும்.”

ஓட்டுநர் அவன் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “அப்ப வீட்ல சமைக்கிறதை நீ சாப்பிடறதே இல்லையா?”

“ருசி பாப்பேன். உள்ளங்கையில ஒரு சொட்டு. அதோட சரி.” வெண்ணெய் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “ஹோட்டல்ல சமையல்காரன் உக்காந்து சாப்பிட மாட்டான் மாமா. கூட்டம் ஓயறப்ப நாலு மணி ஆகிடும். அப்ப பொரிச்சது ரெண்டை நின்னுக்கிட்டே வாயில போட்டுக்கிட்டு, மேல ஒரு டீ. இருபது வருஷம் இதேதான். இப்ப தட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்தா, எங்கயோ அடுப்பை அணைக்காம வந்துட்ட மாதிரி கை பரபரங்குது.”

ஓட்டுநர் யோசித்துப் பார்த்தார். மூன்று மாதத்தில் இவன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டு அவர் பார்த்ததே இல்லை. ‘நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம்’ என்று சொல்வான். அவரும் அவளும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். அந்த ‘அப்புறம்’ எப்போது வந்தது என்று இருவருமே கேட்டதில்லை.

“காலையில அவ என்னைப் போட்டு வறுத்தெடுத்தப்ப உன் வாயில என்ன கொழுக்கட்டையா?”

“இஞ்சி நறுக்கினேனே.”

“இஞ்சியே இல்லையேடா!”

“அதான் மாமா, பயத்துல ஒண்ணும் தெரியல.”

ஓட்டுநருக்கு முதலில் மூக்கில்தான் சிரிப்பு வந்தது. பிறகு தோள் குலுங்கியது. பக்கத்து நாற்காலிக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

“வெண்ணெய்!” என்றார் ஓட்டுநர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“எந்த அர்த்தத்துல மாமா?”

“ரெண்டு அர்த்தத்துலயும்தான்.”

நர்ஸ் எண்ணைக் கத்தினார். இரண்டாம் முறை பட்டையைச் சுற்றியபோதும் ஓட்டுநரின் வாயோரத்தில் சிரிப்பு மிச்சம் இருந்தது.

“நூத்தி இருபத்தெட்டு, எண்பத்திரண்டு. இப்ப எப்படி?” நர்ஸுக்கே ஆச்சரியம். “வெளிய என்ன மாத்திரை போட்டீங்க?”

“இதோ நிக்குதே, இந்த மாத்திரைதான். சிஸ்டர், இவனுக்கும் ஒரு தடவை பாத்துடுங்க. எனக்குச் சமைச்சுப் போட்டவன்.”

வெண்ணெய் பின்வாங்கினான். ஓட்டுநர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். நர்ஸ் அழுத்திப் பார்த்தார். பட்டையைக் கழற்றி மறு கையில் சுற்றி இன்னொரு முறை பார்த்தார்.

“உங்க வயசு?”

“நாப்பத்தொண்ணு.”

“நூத்தறுபத்தெட்டு, நூத்தி நாலு. மாத்திரை சாப்பிடறீங்களா?”

“எதுக்கு?”

“இதுக்குத்தான்.” நர்ஸ் ஒரு சீட்டில் எண்களை எழுதி நீட்டினார். “நல்லா இருக்கிறவரைக் கூட்டிட்டு வந்துட்டு, பேஷன்ட் வெளிய உக்காந்திருக்கார். டாக்டரைப் பாக்காம போகாதீங்க.”

வெண்ணெய் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

பதினொன்றரை மணிக்கு டாக்டர் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு தாள்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று பழையது, ஒன்று புதியது. டாக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மூணு மாசச் சர்க்கரைச் சராசரி அப்ப ஒன்பதே முக்கால். இப்ப ஆறு புள்ளி எட்டு. மாத்திரை மட்டும் இதைச் செஞ்சிருக்காது. என்ன சாப்பிட்டீங்க?”

ஓட்டுநர் தன் தடத்தின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்வதுபோலச் சொன்னார். “காலையில கம்பு, இல்லன்னா முளைகட்டின பயறு. மத்தியானம் வரகுச் சோறு ஒரு கரண்டி, பருப்பு ரெண்டு கரண்டி, கீரை தட்டு நிறைய. ராத்திரிக்குக் கேழ்வரகு தோசை, ஏழு மணிக்குள்ள. உப்பு கொஞ்சம்தான். எண்ணெய் இருமல் மருந்து மூடியால.”

“இருமல் மருந்து மூடியா?”

“அதுல அஞ்சு மில்லிக்குக் கோடு இருக்குங்க டாக்டர்,” என்றார் ஓட்டுநர்.

டாக்டர் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு புதிய தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு, முத்திரையைக் குத்தினார்.

“ஓட்டலாம். மாத்திரையையும் நடையையும் விட்டுடாதீங்க. சமைக்கிறவரையும் விட்டுடாதீங்க.” அவர் வெண்ணெயின் பக்கம் திரும்பினார். “இப்ப நீங்க உக்காருங்க.”

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. சட்டத்துக்குத் தக்கபடி லென்ஸின் விளிம்பைத் தேய்த்துப் பொருத்துவதுதான் கண்ணாடியக்காவின் வேலை. பதினான்கு வருடத்தில் அவள் கெடுத்த லென்ஸை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று காலை மட்டும் ஒன்று கெட்டது.

கடைக்காரம்மா முடித்து வைத்த கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “இந்தாம்மா, ரெண்டு பக்கமும் இடது கண்ணையே போட்டிருக்க. இதை மாட்டிக்கிட்டு அந்த ஆள் எந்தப் பக்கம் நடப்பான்?”

“மன்னிச்சுக்குங்க. இப்பவே மாத்திடறேன்.”

“வீட்டுக்காரருக்கு இன்னைக்குத்தானே டெஸ்ட்டு?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். காலையில் இரண்டு வார்த்தை நல்லதாகப் பேசி அனுப்பியிருக்கலாம் என்று மணிக்கு நாலு தடவை தோன்றியது. தின்றிருந்தால்தான் என்ன? பசித்த மனுஷன்.

கைபேசி அதிர்ந்தது. எடுத்ததும் மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஏதோ விம்முவது போலவும் இருந்தது.

“என்னங்க… பரவாயில்ல, விடுங்க. சாவி கொடுக்கிறதும் வேலைதான். நான் ஏதாவது சொன்னேனா? வீட்டுக்கு வாங்க, பாத்துக்கலாம்.”

“ஏம்மா…”

“அழாதீங்க. உங்களுக்கு அது ஆகாது.”

“நான் எங்க அழறேன்? உன் தம்பியைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கேன். டாக்டர் அவனைப் போட்டு வறுக்கிறார். ஆறு புள்ளி எட்டு! நாளன்னைக்கு வண்டி எடுக்கிறேன்!”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அவர் வடைக் கதையைச் சொன்னார். தம்பியின் ரத்த அழுத்தத்தைச் சொன்னார். தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடத் தெரியாத சமையல்காரன் என்றும் சொன்னார். அவள் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்களைச் சந்தேகப்பட்டுட்டேனே,” என்றாள் கடைசியில்.

“அதுக்குத் தண்டனை இருக்கு. வரும்போது முருங்கைக்கீரை ரெண்டு கட்டு வாங்கிட்டு வா. இன்னைக்குச் சமையல் நான்.”

“நீங்களா? உங்களுக்கு அடுப்பைப் பத்த வைக்கத் தெரியுமா?”

“இருபத்திரண்டு வருஷம் அறுபது பேரைப் பின்னாடி உக்கார வச்சு வண்டி ஓட்டியிருக்கேன். ஒரு பருப்பை ஓட்ட முடியாதா?”

மாலை ஐந்தரை மணிக்கு வெண்ணெயை மேஜைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, எழுந்தால் காலை உடைப்பேன் என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் அடுப்படிக்குள் போனார். கண்ணாடியக்கா கீரையை உருவிக் கொடுத்தாள். தம்பியும் ஒரு கீரைக்கட்டை எடுத்துக்கொண்டான். உட்கார்ந்தபடி கீரை உருவ அவனுக்கு அனுமதி கிடைத்தது.

“மாமா, பாசிப்பருப்பை லேசா வறுத்துட்டு வேக வைங்க.”

“தெரியும்.”

“வாசம் வந்ததும் எடுத்துடணும்.”

“மூணு மாசமா சாப்பிட்டவனுக்கு வாசம் தெரியாதா? பின்னாடி உக்காந்து வழி சொல்ற ஆளுங்களை எனக்குப் பிடிக்காது மாப்ள.”

குக்கர் மூன்று முறை கத்தி அடங்கியது. வெந்த பருப்பில் கீரையைப் போட்டுக் கிளறினார். இன்னொரு பக்கம் வரகுச் சோறு வெந்துகொண்டிருந்தது. வெள்ளரிக்காயை வில்லை வில்லையாக நறுக்கித் தயிரில் போட்டார். வில்லைகளில் சில தடிமனாகவும் சில காகிதம் போலவும் இருந்தன. ‘ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு அளவு பிடிக்கும்’ என்று யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டார்.

பிறகு தாளிப்பு. வாணலி காய்ந்தது. ஓட்டுநர் அளவு மூடியை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கோடு வரைக்கும் எண்ணெய் ஊற்றினார். கடுகு போட்டதும் வெடித்துக் கையில் தெறித்தது.

“ஐயோ!”

“தள்ளி நில்லுங்க மாமா!”

“எழுந்திரிக்காத! அங்கேயே உக்காரு!”

சீரகம், தட்டிய பூண்டு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம். மணம் எழுந்து அடுப்படியைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, வாசல் வரைக்கும் போனது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. ஓட்டுநர் எல்லாவற்றையும் பருப்பில் கொட்டி, அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, கொட்டையைக் கரண்டியால் தேடித் தேடி எடுத்தார்.

மேஜையில் மூன்று தட்டு வைத்தாள் கண்ணாடியக்கா. மூன்றாவது தட்டைப் பார்த்ததும் தம்பி வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான். “நீங்க சாப்பிடுங்க, நான் அப்புற—”

“அப்புறம்கிற பேச்சே இனி இந்த வீட்ல கிடையாது,” என்றாள். “இத்தனை நாள் உன்னை ஒரு வார்த்தை கேக்காம நான் பாட்டுக்குச் சாப்பிட்டு எழுந்திருக்கேன் பாரு. கூடப் பிறந்தவளா நான்?”

“அக்கா, அப்படியெல்லாம்…”

“சாப்பிடுடா.”

வெண்ணெய் வரகுச் சோற்றில் குழி பறித்துக் கீரைப் பருப்பை ஊற்றிக்கொண்டான். பிசைந்தான். முதல் வாயை எடுத்து வைத்தான். ஓட்டுநர் கரண்டியோடு நின்றபடி அவன் தாடை அசைவதையே பார்த்தார். காலையில் டாக்டர் எதிரே உட்கார்ந்திருந்தபோதுகூட அவர் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததில்லை.

“எப்படி?”

“பூண்டு கொஞ்சம் கருகிடுச்சு மாமா.”

“அது வேணும்னே செஞ்சது.”

“அப்படியா?” இன்னொரு வாய் எடுத்தான். மென்று முடித்தான். “எனக்கு யாரும் சமைச்சுப் போட்டு ரொம்ப வருஷம் ஆச்சு. சூடா இருக்கு.”

ஓட்டுநர் வெள்ளரித் தயிரை எடுத்து அவன் தட்டில் வைத்தார், தடிமனான வில்லைகளாகப் பார்த்து. பிறகு தானும் உட்கார்ந்தார். நாளை மறுநாள் அதிகாலையில் எடுக்கப்போகும் முதல் வண்டியைப் பற்றி, அதன் மூன்றாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேச்சு நிற்கவே இல்லை. வெண்ணெய் நடுநடுவே சிரித்தான். அவன் இடது கை மேஜையின் மேல் சும்மா கிடந்தது, எதையும் தேடவில்லை.

அவனுடைய கைபேசி அடுப்படி மேடையில் ஒலித்தது.

“யாருன்னு பாரேன் அக்கா, கையெல்லாம் கீரை.”

கண்ணாடியக்கா எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் வந்தாள்.

“வணக்கம். சார் இருக்காருங்களா? கப்பல் கம்பெனியிலிருந்து பேசறோம்.”

“எந்தக் கப்பல்?”

“சரக்குக் கப்பல்தாங்க. சமையலுக்கு அவரை எடுத்திருக்கோம். ஒன்பது மாசப் பயணம். கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டார். வெள்ளிக்கிழமை காலையில உடம்பு பரிசோதனைக்கு வரச் சொல்லணும். சர்க்கரை, பிரஷர் எல்லாம் பாப்பாங்க, அதுல தேறினா அடுத்த வாரமே ஏறிடலாம்.” அந்தக் குரல் கொஞ்சம் தயங்கியது. “நீங்க அவருக்கு யாருங்க?”

“அக்கா.”

“அப்ப வீட்ல சொல்லியிருப்பாரே.”

அவள் திரும்பிப் பார்த்தாள். தம்பி தட்டை நீட்டிக்கொண்டிருந்தான். கணவர் இன்னொரு கரண்டி பருப்பை ஊற்றிக்கொண்டே, ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல மறு கையைக் காற்றில் சுழற்றிக் காட்டினார். இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

“அவன் சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்,” என்றாள். “அப்புறம் கூப்பிடுங்க.”

“யாருக்கா?” உள்ளிருந்து குரல் வந்தது.

“நீ முதல்ல சாப்பிடு.”

கைபேசியைத் தன் கைப்பைக்குள் போட்டு மூடினாள். மேஜைக்கு வந்து, கணவரின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, தம்பியின் தட்டில் தானே பரிமாறினாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.